யார் அந்த 635?

டிக், டிக், டிக்.

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த ராய்லியின் கை நின்றது. சத்தம் சவுனா என்னும் நீராவிக் குளியலறையிலிருந்து வந்தது. டைல்ஸ் தரையில் இரும்பு ஆணிகள் உருளும் சத்தம். இருபத்தேழு குளிர்காலம், பனியில் வழுக்காத ஆணி டயர் போட்ட சைக்கிளில் வேலைக்குப் போய் வந்தவளுக்கு அது தெரியாமல் போகாது.

ஆனால் இன்று செவ்வாய்க்கிழமை. வீட்டில் சவுனா சனிக்கிழமைதான். அதோடு, அவளுடைய சைக்கிளுக்கு ஆணி டயர் போன ஞாயிறே மாட்டியாகிவிட்டது. கணவர் வெய்யோவின் சைக்கிளுக்கும்தான்.

"என்ன பண்ற அங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா சவுனாவைச் சூடு பண்ற?"

"டயர் வெறைச்சுக் கிடக்கு. கொஞ்சம் இளக்கறேன்."

"எந்த டயர்?"

பதில் வர ஒரு கணம் அதிகமானது. "பழசு" என்றார் வெய்யோ.

முப்பத்தேழு வருட வாழ்க்கையில் அந்த மனிதர் எந்தக் கேள்விக்கும் யோசித்துப் பதில் சொன்னதில்லை. காகித ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உண்டு, இல்லை, தெரியாது, இந்த மூன்றில் ஒன்று உடனே வந்துவிடும். இந்த ஒரு கணம் ராய்லியின் மனதில் ஊசியாக இறங்கியது.

அவர் குப்பையைப் போடக் கீழே இறங்கியதும் சவுனாவுக்குள் போனாள். மனிதர்கள் உட்காரும் மரப்பலகை மேல் இரண்டு டயர்கள், அழைத்து வந்த விருந்தாளிகளைப் போல வெதுவெதுப்பில் உட்கார்ந்திருந்தன. ரப்பரின் மேல் பூனை மீசை மாதிரி சிறு சிறு முடிகள் இன்னும் நின்றன. ரோட்டையே பார்க்காத டயர். பழசு என்றாரே.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தாள். கறுப்பு ரப்பரில் கறுப்பாகவே பொறித்திருந்த எண்ணைத் தடவிப் படித்தாள்.

40-635.

ராய்லி விரலை வைத்து மறுபடி படித்தாள். அதேதான்.

ஓவ்லு நகரத்தில் யாரைக் கேட்டாலும் சைக்கிள் சக்கரம் 'இருபத்தெட்டு' என்பார்கள். அந்த இருபத்தெட்டு ஒன்றல்ல, இரண்டு. டயரில் 28 என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதன் பக்கத்தில் யாரும் படிக்காத ஒரு ஜோடி எண் இருக்கும். முதலாவது டயரின் அகலம். இரண்டாவது, டயர் போய் உட்காரும் ரிம்மின் குறுக்களவு, மில்லிமீட்டரில். இன்றைய சைக்கிள்கள் எல்லாம் 622. அந்தக் காலத்துப் பெரிய சக்கர சைக்கிள்கள் 635. வித்தியாசம் பதின்மூன்று மில்லிமீட்டர்தான், ஒரு விரல் அகலம்கூட வராது. ஆனால் 622 டயரை 635 ரிம்மில் ஏற்ற நினைத்தால் நெம்புகிற லிவர் உடையும், டயர் ஏறாது. மாற்றிப் போட்டால் இடுப்பில் நிற்காத பாவாடை போலக் கழன்று விழும்.

கல்யாணமான முதல் அக்டோபரில், கடையில் 'இருபத்தெட்டு கொடுங்க' என்று கேட்டுத் தப்பான டயர் வாங்கி வந்தவள்தான் ராய்லி. அன்று வெய்யோ அவள் உள்ளங்கையில் பேனாவால் 622 என்று எழுதினார். "இதுதான் உன் நம்பர். மறந்துடுவன்னு பயமா இருந்தா கையைக் கழுவாத" என்றார். அவள் இரண்டு நாள் கழுவவில்லை.

அவள் நம்பர் 622. அவர் நம்பர் 622. இந்த வீட்டில் 635 கிடையாது. அப்படியென்றால் வெளியில் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு ஒரு பழைய சைக்கிள் இருக்கிறது. அவள் குளிரில் வழுக்கி விழக்கூடாது என்று கவலைப்பட இவர் இருக்கிறார்.

ராய்லிக்குச் சந்தேகம் தொழில்வழி வந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு குழந்தைகளுக்குச் சமைப்பவள். ஒவ்வொரு அண்டாவிலும் வெப்பமானியைக் குத்திப் பார்க்காமல் எதையும் வெளியே விடமாட்டாள். அடுத்தவர் வீட்டுக்குப் போனால் வெண்ணெயை முகர்ந்துவிட்டுத்தான் ரொட்டியில் தடவுவாள். அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். அவள் கவலைப்பட்டதில்லை. சந்தேகப்பட்டு யாரும் வயிற்றுப்போக்கில் படுத்ததில்லை என்பாள்.

வியாழக்கிழமை பட்டாணி சூப் கிளறிக்கொண்டே கூட வேலை பார்க்கும் சிர்க்காவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"ஏண்டி, டயரை வச்சா புருஷனைச் சந்தேகப்படுவ?" என்றாள் சிர்க்கா. "சட்டையில லிப்ஸ்டிக், பாக்கெட்டுல சினிமா டிக்கெட்டு, இப்படி எதையாவது பாத்துட்டு வா. கேக்கறேன்."

"பழசுன்னு பொய் சொன்னார்."

"உன் புருஷன் எடை என்ன?"

"அது எதுக்கு?"

"அவரைத் தூக்கிட்டுப் போகணும்னா ஒருத்தி பத்தாதுடி. ரெண்டு பேர் வேணும். அந்த ரெண்டாவது ஆளையும் தேடு."

ராய்லி சிரிக்கவில்லை. சிர்க்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "சரி, நேராவே கேட்டுடேன்."

"கேட்டா இன்னொரு பொய் வரும். ஒரு பொய்யையே என்னால தாங்க முடியல."

அன்று வேலை முடிந்ததும் நூலகத்து சைக்கிள் நிறுத்தத்துக்குப் போனாள். வரிசையாக நின்ற சக்கரங்களின் முன்னால் ஒவ்வொன்றாகக் குனிந்து எண் படித்தாள். 622, 622, 559, மறுபடி 622. ஹெல்மெட்டோடு ஒருவன் வந்து நின்றான்.

"ஏதாவது தொலைச்சுட்டீங்களா?"

"நம்பர் பாக்கறேன்."

"பூட்டு நம்பரா?"

"டயர் நம்பர். ஒரு ஆளைத் தேடறேன்."

அவன் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் எதிர்ப்பக்கக் கம்பத்தில் பூட்டிவிட்டு வந்தான்.

நீச்சல்குள வாசலில் ஒரு 635 கிடைத்தது. வெள்ளைப் பிரம்புக் கூடை, தோல் இருக்கை, கைப்பிடியில் சிவப்பு நூல். ராய்லி பைன் மரத்தடியில் அரை மணி நேரம் விறைத்து நின்றாள். கடைசியில் எண்பது வயது தாத்தா ஒருவர் ஈரத் துண்டோடு வந்து அதில் ஏறிப் போனார்.

வீட்டில் அந்த டயர்கள் இப்போது நீலப் பை ஒன்றில் குளிர்கால கோட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. "சனிக்கிழமை கொஞ்ச நேரம் வெளிய போறேன்" என்றார் வெய்யோ. அவருடைய சைக்கிள் எடுக்கவில்லையா என்றதற்கு நடந்தே போவதாகச் சொன்னார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் சால்மன் சூப்பைக் குடித்து முடித்தார்கள். சாப்பாட்டு மேசை அன்று ஆற்றைவிட அகலமாகத் தெரிந்தது அவளுக்கு.

வெள்ளிக்கிழமை அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

நகரத்துக் கடையில் அதே கம்பெனி, அதே வார்ப்பு, அதே ஆணி வரிசை, ஆனால் 622 அளவில் ஒரு ஜோடி வாங்கினாள். வெய்யோ தன்னுடையதைக் கம்ப்யூட்டரில் சொல்லி வரவழைத்திருந்தார். பெட்டியும் குப்பைக்குப் போய்விட்டது, ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. நீலப் பையில் 622-ஐ வைத்தாள். 635-ஐக் கோடைத் திரைச்சீலைகளுக்குள் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். கணக்கு அவளுக்குத் தெளிவாக இருந்தது. டயர் ஏறாது. ஏறாவிட்டால் இவர் தடுமாறுவார். தடுமாறுகிற மனிதர் உளறுவார். இல்லாவிட்டால் அந்த 635 தானாகவே வாசலுக்கு வரும்.

சனிக்கிழமை போன வெய்யோ மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பினார். கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. தோல் உரிந்திருந்தது. பையைக் காணோம்.

"என்ன ஆச்சு கையில?"

"இடிச்சுக்கிட்டேன்."

சாயங்காலம் சவுனாவில் சூட்டுக் கல்லின் மேல் ஆவிக்குத் தண்ணீர் ஊற்றக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்தாள் ராய்லி.

அதற்குப் பிறகு வீட்டில் விநோதங்கள் நடந்தன. பால் பாக்கெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தேதியை இரண்டு தடவை வாய்விட்டுப் படிப்பார். கடைக்குப் போகும்போது மூன்றே மூன்று சாமானுக்குச் சீட்டு எழுதினார். ஒருநாள் அவளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நம்ம பையன் யார்க்கோ எந்த வருஷம் பொறந்தான்?" என்றார். எண்பத்தொன்பது என்று அவள் சொன்னதும், "ஆமா, எண்பத்தொன்பது, நானும் அதான் நினைச்சேன்" என்று ஏதோ பரீட்சையில் தேறியவர் போல மூச்சு விட்டார்.

நாள்காட்டியில் அடுத்த வியாழக்கிழமைக் கட்டத்தில் அவர் கையெழுத்தில் '10.15' என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லை, இடம் இல்லை.

அந்த இரண்டு எண்களை முறைத்தபடி ராய்லி முடிவெடுத்தாள். வியாழக்கிழமை பள்ளிக்கு லீவு. அவர் பின்னாலேயே போவது. இந்த வீட்டில் தொடர்ந்து இருப்பதா, இல்லையா என்பதை அன்றைக்குத் தீர்த்துவிடுவது.

புதன்கிழமை விடியலில் மழை பெய்தது. விழுந்த கணமே உறைந்தது. ஊர் முழுக்கக் கண்ணாடி போர்த்தியது. ராய்லி பிடிமானத்துக்காக டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, ஆணிகள் பனியைக் கொறிக்கும் சத்தத்தோடு நிதானமாகப் பள்ளிக்குப் போனாள். சாதா டயரில் வந்தவர்கள் தடுமாறி இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். எங்கேயோ ஒருத்தியும் இப்படித்தான் வழுக்கிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாள். அந்த நினைப்பு இனித்தது. அதை அவள் ஒளிக்கவும் இல்லை. சிர்க்காவிடம் சொல்லிச் சிரித்தாள்.

மாலை ஐந்து மணிக்கு வீட்டு மணி அடித்தது. வெய்யோ கீழே முற்றத்தில் மற்றவர்களோடு பனி வழுக்காமலிருக்க மணல் தூவிக்கொண்டிருந்தார். ராய்லி கதவைத் திறந்தாள்.

வாசலில் தூலியா நின்றாள்.

தூலியா ராய்லியின் மருமகள். மருமகளாக இருந்தவள். ஆறு வருடத்துக்கு முன் யார்க்கோவும் இவளும் பிரிந்தார்கள். யார்க்கோ சுவீடனுக்குப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டான். "அவதான்மா என்னை விட்டுட்டா" என்று மகன் போனில் அழுத அன்றைக்கே ராய்லி கல்யாணப் போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கினாள். இந்த வீட்டில் அந்தப் பெயர் காதில் விழக்கூடாது என்றாள். விழவில்லை. வெய்யோ அன்று ஆணி பிடுங்கிய ஓட்டையை அடைத்து வர்ணம் பூசினார்.

இப்போது தூலியாவின் வலது கை மணிக்கட்டு முதல் முழங்கை வரை மாவுக்கட்டில் இருந்தது. இடது தோளில் நீலப் பை.

"வெய்யோ இன்னும் கீழேதானே இருக்கார்?"

ராய்லி வாசலை மறைத்தபடி நின்றாள். கண்கள் பையை விட்டு நகரவில்லை.

"நீயா அது?"

"எது?"

"அறுநூத்தி முப்பத்தஞ்சு."

தூலியாவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "எங்க அம்மாவோட சைக்கிள். ஆமா, அது அந்த அளவுதான். அவங்க போனதுக்கப்புறம் நான்தான் ஓட்டறேன். ஏன், என்ன?"

"எத்தனை வருஷமா இது நடக்குது?"

"எது நடக்குது?" தூலியாவின் குரல் கூர்மையானது. "வருஷம் ரெண்டு தடவை வருவார். அக்டோபர்ல ஆணி டயர் மாட்டுவார், ஏப்ரல்ல கழட்டுவார். ஒரு காபி கூடக் குடிக்க மாட்டார். வீட்டுக்குப் போனா வாயில காபி வாசனையை நீங்க மோப்பம் பிடிச்சுடுவீங்கன்னு சொல்வார். நான் காலைல ஆறு மணிக்குக் கிழவங்க வீட்டுக்கெல்லாம் மருந்து கொடுக்கப் போகணும். பஸ் கிடையாது. அது அவருக்குத் தெரியும். அவ்வளவுதான் நடக்குது."

தூலியா பையை இறக்கி உள்ளே வைத்தாள்.

"இந்தத் தப்பான டயரைத் திருப்பிக் கொடுக்க வந்தேன், கடையில மாத்திக்கலாம். பழைய ஜோடியில ஆணியெல்லாம் உதிர்ந்து போச்சு. புதுசு வாங்கித் தரேன், காய்ஞ்ச ரோட்டுல நாலு நாள் ஓட்டினா ஆணி நல்லா உக்காரும்னார். ஆனா சைஸ் மாறிடுச்சு. மூணு மணி நேரம் போராடினார், ஏறல. அப்புறம்தான் நம்பர் பாத்தோம். மறுபடியும் ஆர்டர் போட்டிருக்கார், ரெண்டு வாரம் ஆகுமாம். இன்னைக்குக் காலைல பாலத்து இறக்கத்துல விழுந்துட்டேன். இதை அவர்கிட்ட சொல்லாதீங்க. கட்டைப் பாத்தா தெரிஞ்சுடும், பையை வச்சுட்டு அவர் மேல வர்றதுக்குள்ள போயிடறேன்."

"ஏன் சொல்லக்கூடாது?"

"ஏற்கனவே மனசு விட்டுட்டார்." தூலியா குரலைத் தாழ்த்தினாள். "நாப்பது வருஷத்துல ஒரு தடவை கூட அளவு தப்பினதில்லயாம். அன்னைக்கு என் சமையலறையில உக்காந்து, தன் அண்ணனுக்கும் இப்படி நம்பர்லதான் ஆரம்பிச்சது, கடைசியில தம்பி பேரே தெரியாம செத்தார்னு சொல்லி அழுதார். ஞாபகமறதி டாக்டர்கிட்ட நான்தான் நேரம் வாங்கிக் கொடுத்தேன். நாளைக்குப் பத்தேகாலுக்கு. உங்களுக்குச் சொல்லியிருப்பார்னு நினைச்சேன்."

செருப்பு மாட்டும் பெஞ்சில் ராய்லி உட்கார்ந்துவிட்டாள். பால் பாக்கெட். மூன்று சாமான் சீட்டு. எண்பத்தொன்பது. ஒவ்வொன்றும் அவள் முகத்தில் வந்து அறைந்தது. அந்த மனிதர் தன் மூளை தன்னை விட்டுப் போகிறது என்று தனியாகப் பயந்துகொண்டிருந்த பதினோரு நாளும், அவள் அதைக் கள்ளத்தனம் என்று வேவு பார்த்தாள்.

எழுந்து படுக்கையறைக்குப் போனாள். கட்டிலுக்கடியில் கையை விட்டுத் திரைச்சீலை மூட்டையை இழுத்தாள். அதைத் தூலியாவின் காலடியில் பிரித்தாள்.

தூலியா குனிந்து இடது கையால் டயரைத் திருப்பினாள். எண்ணைப் படித்தாள். மெல்ல நிமிர்ந்தாள்.

"நீங்க மாத்தினீங்களா?"

"ஆமா."

"எதுக்கு?"

"இன்னொருத்தின்னு நினைச்சேன். டயர் ஏறலைன்னா அவ இங்க வருவான்னு நினைச்சேன்."

தூலியா தன் மாவுக்கட்டைப் பார்த்தாள். "வந்துட்டேன்" என்றாள்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் ராய்லிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சொல்லவில்லை.

மாடிப்படியில் மணல் ஒட்டிய பூட்ஸ் சத்தம் கேட்டது. வெய்யோ வாசலுக்கு வந்தார். தூலியாவைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், தரையில் கிடந்த திரைச்சீலையைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முட்டிபோட்டு உட்கார்ந்தார். டயரின் பக்கவாட்டில் விரலை ஓட்டினார்.

"அறுநூத்தி முப்பத்தஞ்சு" என்று படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு தலையைத் தூக்கினார். ராய்லி கோபத்தை எதிர்பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. கண்கள் நிறைந்திருந்தன.

"நான் சரியாத்தான் வாங்கியிருக்கேன்" என்றார் வெய்யோ.

"சரியாத்தான் வாங்கியிருக்க" என்றாள் ராய்லி. "நான்தான் மாத்தி வச்சேன். எனக்கு ஏன் சொல்லல, வெய்யோ? ஆறு வருஷம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

வெய்யோ யோசிக்கவில்லை. பதில் பழையபடி உடனே வந்தது. "பயம்."

"என்னைப் பாத்தா?"

"உன்னைப் பாத்துதான்."

இன்னொரு பெண் இருந்திருந்தால் ராய்லி அவளோடு சண்டை போட்டிருப்பாள், அழுதிருப்பாள், ஜெயித்திருப்பாள் அல்லது தோற்றிருப்பாள். தன் சொந்தப் புருஷன் ஒரு நல்ல காரியத்தைத் திருட்டுத்தனம் போலச் செய்யும்படி வைத்தவள் தானே என்றால், யாரோடு போய்ச் சண்டை போடுவது?

"நான் கிளம்பறேன்" என்றாள் தூலியா.

"கை?" என்றார் வெய்யோ.

"அஞ்சு வாரம். அதுவரைக்கும் யாரையாவது காருல கூட்டிட்டுப் போகச் சொல்லணும். டயரை எடுத்துட்டுப் போய் நான் என்ன பண்றது, இங்கயே இருக்கட்டும்."

"கூடத்துலயே இருக்கட்டும்" என்றாள் ராய்லி. "கை சரியானதும் சைக்கிளை இங்க கொண்டு வா. கீழே வச்சு மாட்டிக்கலாம்."

"எதுக்கு இங்க?" தூலியாவின் கண்களில் இப்போது சந்தேகம் வந்து உட்கார்ந்தது. ராய்லிக்கு அதைப் பார்த்ததும் தெரிந்தது. இரண்டு வாரமாகக் கண்ணாடியில் பார்த்த அதே பார்வை.

"எதுக்கும் இல்ல. மாட்டறதுக்குத்தான். ஏலக்காய் பன் இருக்கு, காபி போடறேன், உக்காரேன்."

"இன்னைக்கு வேண்டாம்."

"அன்னைக்கு வருவியா?"

"நம்பரைப் பாத்து மாட்டுவீங்களா?"

"நீயே பாத்துக்க. நான் தொடக்கூட மாட்டேன்."

தூலியா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வெய்யோவைப் பார்த்து, "டாக்டர் நேரத்தை நான் ரத்து பண்ணிடறேன்" என்றாள். அவர் தலையாட்டினார். ஒற்றைக் கையால் கம்பளித் தொப்பியை இழுத்து மாட்ட அவள் சிரமப்பட்டபோது, ராய்லியின் கை தானாக நீண்டது. தூலியா ஒரு அடி பின்னால் நகர்ந்து தானே மாட்டிக்கொண்டாள்.

படியிறங்கும் சத்தம் முதல் மாடி வரை கேட்டது, பிறகு கேட்கவில்லை. ராய்லி இன்னும் வாசலைப் பார்த்தபடியே நின்றாள். குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

வெய்யோ எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.